பிராக்ஸ்மாக்ஸ் திரையில் அமைத்த மூன்று நோடு செஃப் க்ளஸ்டர்: ஒரு டிஸ்கைப் பிடுங்கினால் இரண்டு சர்வர்கள் ஏன் மறுதொடக்கம் ஆகின்றன?

திரிநூல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவைத் தனியாளாகக் கவனித்து வருகிறேன். கணக்கு, ஊதியம், கிடங்கு இருப்பு ஆகியவற்றுக்கான மென்பொருள்கள் இதுவரை இரண்டு பழைய சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று படுத்துவிட்டால், காப்புப்படியிலிருந்து மீட்டெடுப்பதிலேயே அன்றைய பொழுது போய்விடும். இந்த நிலையை மாற்ற வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகக் கேட்டு, இப்போதுதான் மூன்று புதிய சர்வர்கள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் 1.92 டெராபைட் எஸ்எஸ்டி நான்கு, 10 கிகாபிட் போர்ட் இரண்டு, மதர்போர்டிலேயே 1 கிகாபிட் போர்ட் இரண்டு, 128 ஜிபி நினைவகம் ஆகியவை உள்ளன.

கட்டளை வரியில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால், விஎம் எனும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸின் வரைகலைத் திரையிலேயே எல்லாவற்றையும் செய்தேன். இரண்டு 10 கிகாபிட் போர்ட்களையும் எல்ஏசிபி முறையில் ஒன்றாகக் கட்டி, 10.10.10.0/24 என்ற ஒரே வலையமைப்பாக வைத்துக்கொண்டேன். மூன்றும் ஒன்றாக இயங்குவதற்கான க்ளஸ்டரை முதல் சர்வரில் உருவாக்கி, இணைப்புத் தகவலை நகலெடுத்து, மற்ற இரண்டிலும் ஒட்டி இணைத்தேன். பிறகு, மூன்றின் டிஸ்குகளையும் ஒரே சேமிப்பகமாக்கும் செஃப் மென்பொருளை நிறுவும் வழிகாட்டித் திரையை ஒவ்வொன்றிலும் ஓட்டினேன். அது பொது வலையமைப்பு, க்ளஸ்டர் வலையமைப்பு என்று இரண்டு கட்டங்களைக் காட்டியது. இரண்டாவது கட்டாயமில்லை என்று இருந்ததால், இரண்டுக்கும் அதே 10.10.10.0/24 வலையமைப்பே போதும் என்று விட்டுவிட்டேன். மூன்று மானிட்டர்கள், மூன்று மேனேஜர்கள், டிஸ்குக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஓஎஸ்டிகள், விஎம்களின் தரவை வைக்க ஒரு பூல் என்று காலையில் தொடங்கிய வேலை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்து, பச்சை நிறத்தில் ஹெல்த் ஓகே என்று வந்துவிட்டது. அதன்பின் நான்கு விஎம்களை, சர்வர் விழுந்தால் வேறொன்றில் தானாக எழுப்பும் ஹெச்ஏ பட்டியலில் சேர்த்தேன். அவற்றில் இரண்டு முதல் சர்வரிலும் இரண்டு இரண்டாம் சர்வரிலும் உள்ளன. மூன்றாம் சர்வரில் சோதனைக்கான ஒரு விஎம் மட்டுமே உள்ளது. அது ஹெச்ஏவில் இல்லை.

பயன்பாட்டுக்குக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை சோதித்துவிடலாம் என்று, இரண்டாம் சர்வரிலிருந்து ஒரு டிஸ்கை 11.05 மணிக்கு வெளியே இழுத்தேன். அந்த ஓஎஸ்டி டவுன் என்று காட்டியது, நிறம் மஞ்சளானது, விஎம்கள் வழக்கம்போல் ஓடின. பத்து நிமிடம் வேறெதுவும் நடக்கவில்லை. செஃப் இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு, பழைய சர்வரிலிருந்த விஎம்களை நாஸ் எனும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி வழியாகப் புதிய பூலுக்கு இறக்கும் வேலையைத் தொடங்கினேன். 11.15 மணிக்கு மீட்புக்கான சதவீதக் கோடு தோன்றி நகரத் தொடங்கியது. 11.20 வாக்கில் இடப்பக்கப் பட்டியலில் சர்வர்களின் மேல் சாம்பல் நிறக் கேள்விக்குறிகள் வந்து வந்து போயின. சற்று நேரத்தில் முதல் சர்வரும், அதைத் தொடர்ந்து இரண்டாம் சர்வரும் தாமாகவே மறுதொடக்கம் ஆயின. மூன்றாவதற்கு ஒன்றும் ஆகவில்லை. கால் மணி நேரத்தில் எல்லாம் மீண்டு வந்து மறுபடியும் பச்சையானது.

ஒரு டிஸ்க் போனால் தாங்க வேண்டும் என்பதற்காகவே செய்த ஏற்பாட்டில், ஒரு டிஸ்க் போனதற்கு இரண்டு சர்வர்கள் விழுந்தால் இதை நம்பி ஊதியக் கணக்கை எப்படி ஏற்றுவது? மின்வழங்கிகளையும் நினைவகத்தையும் சோதித்துவிட்டேன், குறையில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. செஃப் பக்கத்தில் மொத்த இடம் 20.95 டெபிபைட் என்று காட்டுகிறது. பூலைச் சேமிப்பகமாகப் பார்த்தால் ஏறத்தாழ 6.6 தான் காட்டுகிறது. சர்வர்களைக் கொடுத்தவர், பிரதிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தால் இடம் கூடிவிடும் என்கிறார். அப்படிச் செய்யலாமா?

வடம்பிடி:

வணக்கம் நண்பரே. நீங்கள் சோதித்துப் பார்த்தது நல்லதாயிற்று. பெரும்பாலானோர் பச்சை நிறம் வந்த அன்றே விஎம்களை ஏற்றிவிட்டு, இதே காட்சியை மாதக் கடைசியில் ஒருநாள் பார்ப்பார்கள்.

உங்கள் விவரிப்பில் இரண்டு தடயங்கள் உள்ளன. முதலாவது அந்தப் பத்து நிமிடம். ஓர் ஓஎஸ்டி விழுந்தவுடன் செஃப் அதன் தரவை மறுபடி கட்டத் தொடங்குவதில்லை. யாராவது கேபிளைத் தவறுதலாக உருவியிருக்கலாம், சர்வர் மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருக்கலாம் என்று 600 விநாடி பொறுத்திருக்கும். அதற்குள் திரும்பி வராவிட்டால்தான் அந்த டிஸ்கைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மீட்பைத் தொடங்கும். ஆகவே 11.05 முதல் 11.15 வரை உங்கள் வலையமைப்பில் கூடுதல் பாரம் எதுவும் இல்லை. உண்மையான சோதனை 11.15 மணிக்குத்தான் தொடங்கியது. இழந்த டிஸ்கில் இருந்தவற்றின் மற்ற பிரதிகள் முதல் சர்வரிலும் மூன்றாம் சர்வரிலுமே இருக்கின்றன என்பதால், மீட்புக்கான ஒவ்வொரு பைட்டும் வலையமைப்பின் வழியாகவே இரண்டாம் சர்வருக்கு வந்தாக வேண்டும். அதே நேரத்தில் நாஸிலிருந்து விஎம்கள் உள்ளே இறங்கின. அவை பூலில் எழுதப்படும்போது மூன்று பிரதிகளாக மறுபடியும் அதே கம்பியில் பயணித்தன.

இரண்டாவது தடயம் தப்பித்த மூன்றாம் சர்வர். அதைப் புரிந்துகொள்ள, நீங்கள் அமைத்தது ஒரு க்ளஸ்டர் அன்று, ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்த இரண்டு க்ளஸ்டர்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். சேமிப்பகத்தைக் கவனிப்பது செஃப். அதற்கென்று மானிட்டர்களும் அவற்றுக்குள் ஒரு பெரும்பான்மை வாக்கும் உண்டு. சர்வர்கள் ஒன்றையொன்று உயிரோடு இருப்பதாக அறிவதும், எந்த விஎம் எங்கே ஓட வேண்டும் என்று முடிவெடுப்பதும் கோரோசிங்க் என்ற வேறொரு மென்பொருளைச் சார்ந்தவை. கோரோசிங்கில் ஒரு டோக்கன் சர்வர்களுக்கிடையே கைமாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும்; குறித்த நேரத்துக்குள் அது வந்து சேராவிட்டால் யாரோ விழுந்துவிட்டார் என்று மற்றவை முடிவு செய்து, உறுப்பினர் பட்டியலைப் புதிதாகக் கூட்டும். அதற்குத் தேவைப்படும் அலைவரிசை மிகக் குறைவு. ஆனால் தாமதத்தை அது பொறுக்காது. சர்வர்களுக்கு இடையிலான தாமதம் 5 மில்லிசெகண்டுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்றே பிராக்ஸ்மாக்ஸ் ஆவணம் சொல்கிறது. செஃபின் மீட்பும் நாஸ் இறக்குமதியும் நிறைத்துவிட்ட அதே கம்பியில் அந்தச் சிறிய டோக்கன் வரிசையில் நின்றிருக்கிறது. நீங்கள் பார்த்த கேள்விக்குறிகள், சர்வர்கள் ஒன்றையொன்று தொலைத்துக் கண்டெடுத்துக்கொண்டிருந்ததன் அடையாளம்.

இனி ஹெச்ஏவுக்கு வருவோம். ஹெச்ஏ விஎம்கள் ஓடும் ஒவ்வொரு சர்வரும் வாட்ச்டாக் என்ற காவல் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பான்மையை இழந்த சர்வர் தட்டுவதை நிறுத்திவிடும். 60 விநாடி தட்டப்படாவிட்டால் வாட்ச்டாக் அந்தச் சர்வரையே மறுதொடக்கம் செய்துவிடும். தொடர்பு அறுந்த சர்வர் ஒரு விஎம்மை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, மற்றவை அதே விஎம்மை வேறிடத்தில் தொடங்கி, ஒரே டிஸ்க் படிமத்தில் இருவர் எழுதித் தரவைச் சிதைத்துவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. உங்கள் மூன்றாம் சர்வரில் ஹெச்ஏ விஎம் இல்லை. ஹெச்ஏவின் தலைமைப் பொறுப்பும் அன்று அதனிடம் இல்லாதிருந்திருக்க வேண்டும். எனவே அதன் வாட்ச்டாக் விழித்திருக்கவே இல்லை. அதுவும் மற்ற இரண்டைப் போலவே பெரும்பான்மையை இழந்தது என்றே கருதுகிறேன். சுட்டுக்கொள்ளும்படி அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பெரும்பான்மைக்குக் குவோரம் என்று பெயர். எங்கள் அலுவலகத்தில் அதைக் ‘கோரம்’ என்றுதான் எல்லோரும் உச்சரிப்பார்கள். அது பறிபோன நாள்களில் யாரும் அதைத் திருத்தத் துணிவதில்லை.

முதல் இரண்டு சர்வர்களின் பதிவேட்டில் 11.15 முதல் 11.25 வரை கோரோசிங்க் எழுதிய வரிகளைப் பாருங்கள். சர்வரைத் தேர்ந்தெடுத்தால் வரும் சிஸ்டம் லாக் பக்கத்தில் நேரத்தைக் குறித்தே தேடலாம். மறுபடி அனுப்ப வேண்டியவற்றைக் காட்டும் ரீட்ரான்ஸ்மிட் லிஸ்ட் என்ற வரிகள் அடுக்கடுக்காக இருந்து, அதன்பின் கோரோசிங்கின் வழியான லிங்க் 0 விழுந்தது என்றும் இருந்தால் ஐயமே வேண்டாம்.

எட்டாம்வாய்க்கால்:

வடம்பிடி சொல்வது நடந்திருக்கக்கூடியதே. ஆனால் தீர்ப்பெழுதும் முன் எம்டியுவையும், அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவையும் சோதித்துவிடுங்கள். சர்வர்களில் 9000 என்று வைத்துவிட்டு, ஸ்விட்சின் ஏதோ ஒரு போர்ட்டில் 1500 என்று விட்டுவிட்டால், சிறிய பொட்டலங்கள் அனைத்தும் போய்ச் சேரும். சாதாரண பிங் சரியாக இருக்கும். பெரிய பொட்டலங்கள் மட்டும் சத்தமில்லாமல் காணாமற்போகும். துண்டாக்காதே என்ற குறிப்போடு 8972 பைட் அளவில் பிங் செய்து பாருங்கள். தலைப்பகுதிக்கான 28 பைட்டைச் சேர்த்தால் அது சரியாக 9000 ஆகும். மூன்று சர்வர்களிலிருந்தும் மற்ற இரண்டுக்கும் போக வேண்டும்.

ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன். சேமிப்பகத்தையும் விஎம்களையும் ஒரே சர்வர்களில் குடியமர்த்துவதே இந்தச் சிக்கலின் வேர். 2020இல் வந்த ஆக்டோபஸ் பதிப்பு முதல் செஃபுக்குச் செஃப்ஏடிஎம் என்ற நிறுவும் கருவி உள்ளது. முதல் சர்வரில் ஒரு கட்டளை கொடுத்துத் தொடங்கி, அது தரும் எஸ்எஸ்ஹெச் சாவியை மற்ற சர்வர்களில் வைத்துவிட்டால் போதும். பிறகு சர்வர்களைச் சேர்ப்பது, டிஸ்க்குகளை ஓஎஸ்டியாக்குவது, பூல் அமைப்பது எல்லாவற்றையும் செஃபின் சொந்த டாஷ்போர்டிலேயே செய்யலாம். அப்படித் தனியாக நிற்கும் சேமிப்பகத்தை விஎம் சர்வர்களின் வாட்ச்டாக் தொட முடியாது. பிராக்ஸ்மாக்ஸின் வழிகாட்டித் திரை எல்லாவற்றையும் எளிதாக்கிக் காட்டி, இரண்டு வேறு வேலைகளை ஒரே வேலை என்று நம்ப வைத்துவிடுகிறது.

வடம்பிடி:

கொள்கை அளவில் மறுக்கவில்லை. ஆனால் தனியாளாக நடத்தும் ஒரு பிரிவுக்கு இன்னும் மூன்று சர்வர்கள் வாங்கச் சொல்வது, வீட்டில் ஒழுகும் குழாயைக் காட்டியவரிடம் வேறு வீடு பார்க்கச் சொல்வதைப் போன்றது. வழிகாட்டித் திரையின்மேல் முழுப் பழியையும் போடவும் முடியாது. 2019 ஏப்ரலில் வந்த 5.4 பதிப்பில்தான் அந்தத் திரையே சேர்ந்தது. அதற்கு முன் தொடக்க வேலைகளைக் கட்டளை வரியில் செய்தோம். அப்போதும் எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கட்டியவர்கள் இருந்தார்கள். நானும் கட்டியிருக்கிறேன்.

திரையின் உண்மையான குறை வேறு. க்ளஸ்டரை உருவாக்கும்போது லிங்க் 0 என்ற கட்டத்துக்குக் கீழே இன்னொரு லிங்கைச் சேர்ப்பதற்கான பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தாமல் போனாலும் எச்சரிக்கை வராது. அழுத்தாமல் போய்விட்டால் பிறகு சேர்ப்பதற்குத் திரையில் வழியும் இல்லை. கேள்வியைச் சிறிய எழுத்தில் ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு, பதிலை நிரந்தரமாக்கிக்கொள்கிறது.

திரிநூல்:

இருவருக்கும் நன்றி. மாலையில் உட்கார்ந்து பார்த்தேன்.

8972 பைட் பிங் ஆறு திசைகளிலும் போகிறது. எம்டியு சரியாகவே இருக்கிறது.

பதிவேட்டைத் திறந்ததும் விடை கிடைத்துவிட்டது. முதல் சர்வரில் 11.18 மணியிலிருந்து ரீட்ரான்ஸ்மிட் லிஸ்ட் வரிகள் திரை திரையாக ஓடுகின்றன. பிறகு இரண்டாம் சர்வருக்கான லிங்க் 0 விழுந்தது, எழுந்தது, மூன்றாம் சர்வருக்கானது விழுந்தது என்று மாறி மாறி வந்து, 11.23க்குப் பிறகு வரிகளே இல்லை. அடுத்த வரி புதிதாகத் தொடங்கிய இயங்குதளத்தினுடையது. மூன்றாம் சர்வரிலும் அதே நேரத்தில் குவோரம் இழந்த செய்தி இருக்கிறது. வடம்பிடி சொன்னதுபோல் அதுவும் இழந்திருக்கிறது, விழவில்லை.

மதர்போர்டிலுள்ள 1 கிகாபிட் போர்ட்கள் இரண்டும் சும்மாதான் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கோரோசிங்குக்கு மட்டும் கொடுக்கலாமா? இப்போதுள்ள க்ளஸ்டரைக் கலைக்காமல் செய்ய முடியுமா?

வடம்பிடி:

முடியும். கோரோசிங்குக்கு 1 கிகாபிட் தாராளமாகப் போதும். 10 கிகாபிட் ஸ்விட்சோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு சிறிய தனி ஸ்விட்ச் வாங்குங்கள். 10.10.20.0/24 என்பதுபோல் வேறொரு வலையமைப்பை அந்தப் போர்ட்களுக்குத் திரையிலேயே கொடுத்துவிடலாம். அந்த முகவரிகளுக்கு மூன்று சர்வர்களிலிருந்தும் பிங் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அங்கிருந்து கட்டளை வரிதான், வேறு வழியில்லை. அஞ்ச வேண்டாம், திருத்த வேண்டியது ஒரே ஒரு கோப்பு. ஈடிசி கோப்பகத்தின் கீழ் பிவிஇ என்ற கோப்பகத்தில் கோரோசிங்கின் கட்டமைப்புக் கோப்பு உள்ளது. அந்தக் கோப்பகம் மூன்று சர்வர்களுக்கும் பொதுவானது; ஓரிடத்தில் சேமித்த மறுநொடியே மற்ற இரண்டிலும் மாறிவிடும். ஆகவே அரைகுறையாகத் திருத்திச் சேமித்தாலும் அதுவும் அப்படியே பரவும். கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து, நகலைத் திருத்தி, வரி வரியாகச் சரிபார்த்த பிறகு மூலத்தின் இடத்துக்கு நகர்த்துங்கள். திருத்தங்கள் மூன்று: ஒவ்வொரு நோடின் பகுதியிலும் இரண்டாவது முகவரிக்கான வரி, பொதுப் பகுதியில் லிங்க் 1க்கான ஒரு பத்தி, கோப்பின் பதிப்பு எண்ணை ஒன்று கூட்டுவது. மூன்றாவதை மறந்தால் மற்ற இரண்டும் வீண்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முன்னுரிமை எதுவும் குறிப்பிடாவிட்டால் எண் சிறிய லிங்கையே கோரோசிங்க் முதலில் பயன்படுத்தும். உங்களுடைய லிங்க் 0 அந்த நெரிசலான 10 கிகாபிட் வழி. புதிய 1 கிகாபிட் வழி லிங்க் 1. அப்படியே விட்டால் டோக்கன் பழைய தெருவிலேயே போய்க்கொண்டிருக்கும். புதிய தெரு பழையது அடைபட்டால் மட்டும் திறக்கும். லிங்க் 1க்கு முன்னுரிமை எண்ணை உயர்த்திக் கொடுங்கள். எண் பெரிதாக இருந்தால் முன்னுரிமை அதிகம். பழைய வழி மாற்று வழியாக இருந்துகொள்ளட்டும்.

கோப்பில் கை வைப்பதற்கு முன் வாட்ச்டாக்கை உறங்கவிட வேண்டும். ஹெச்ஏவின் உள்ளூர்ச் சேவையை, அதாவது எல்ஆர்எம்மை, மூன்று சர்வர்களிலும் முதலில் நிறுத்துங்கள். அதன்பிறகுதான் ஹெச்ஏவின் தலைமைச் சேவையான சிஆர்எம்மை மூன்றிலும் நிறுத்த வேண்டும். வரிசை மாறக் கூடாது. விஎம்கள் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் எழுத்துப்பிழையோடு ஒரு கோப்பைச் சேமித்தாலும் எந்தச் சர்வரும் தன்னை மறுதொடக்கம் செய்துகொள்ளாது. வேலை முடிந்து, மூன்றிலும் இரண்டு லிங்குகளும் இணைந்திருப்பதாகத் தெரிந்த பிறகு இரண்டு சேவைகளையும் மீண்டும் தொடங்குங்கள்.

செஃபின் இரண்டு வலையமைப்புகளைப் பிரிப்பதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். எல்ஏசிபி கட்டில் இரண்டும் சேர்ந்தே ஓடலாம். பொது வலையமைப்பை மாற்றுவதென்றால் மானிட்டர்களை ஒவ்வொன்றாக அழித்து மறுபடி உருவாக்க வேண்டும். தேவையில்லாமல் அதற்குள் போகாதீர்கள். நாஸ் இறக்குமதியையும் இரவுக் காப்புப்படியையும் மட்டும் மீதமிருக்கும் இரண்டாவது 1 கிகாபிட் போர்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். வேகம் குறையும், விநாடிக்கு 110 மெகாபைட்டுக்கு மேல் வராது. காப்புப்படி இரவில்தானே ஓடுகிறது.

மாடிப்படி:

இடம் பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

பன்னிரண்டு டிஸ்க், ஒவ்வொன்றும் 1.92 டெராபைட் என்றால் மொத்தம் 23.04 டெராபைட், அதையே டெபிபைட்டாக மாற்றினால் நீங்கள் கண்ட 20.95 வரும். மூன்று பிரதிகள் என்பதால் மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ 7. ஓஎஸ்டி 95 சதவீதம் நிரம்பினால் செஃப் எழுதுவதையே நிறுத்திவிடும். அந்த வரம்பையும் கழித்துத்தான் 6.6 என்று காட்டுகிறது. இதுவரை திரை பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 6.6ஐயும் உங்களால் பயன்படுத்த முடியாது என்பதை எந்தத் திரையும் சொல்லாது.

மூன்று சர்வர்கள், மூன்று பிரதிகள், சர்வருக்கு ஒரு பிரதி என்ற விதி. இரண்டாம் சர்வரில் ஒரு டிஸ்க் போனால், அதிலிருந்த பிரதிகள் அதே சர்வரின் மற்ற மூன்று டிஸ்குகளில்தான் மறுபடி கட்டப்பட வேண்டும். மற்ற இரண்டு சர்வர்களிலும் ஏற்கெனவே ஒவ்வொரு பிரதி இருப்பதால் அங்கே போக முடியாது. ஆக, நான்கு டிஸ்கின் பாரத்தை மூன்று தாங்க வேண்டும். 85 சதவீதத்தில் எச்சரிக்கை வரும், 90இல் மீட்புக்கான தரவை ஏற்க அந்த டிஸ்க் மறுத்துவிடும். எச்சரிக்கைக் கோட்டுக்குள் நிற்க வேண்டுமானால், சாதாரண நாளில் நான்கு டிஸ்கும் 64 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு சர்வரின் 7.68 டெராபைட்டில் 64 சதவீதம் என்றால் 4.9 டெராபைட். உங்கள் க்ளஸ்டரின் உண்மையான கொள்ளளவு அதுதான். டிஸ்குகள் ஒரே சீராக நிரம்புவதும் இல்லை என்பதால், நானாக இருந்தால் 4.5இல் நிறுத்திக்கொள்வேன்.

பிரதிகளை இரண்டாகக் குறைக்கச் சொன்னவர், குறைந்தபட்சப் பிரதி என்ற பக்கத்துக் கட்டத்தில் என்ன போடுவது என்றும் சொன்னாரா? இரண்டு பிரதி, குறைந்தபட்சம் இரண்டு என்றால், ஒரு சர்வர் விழுந்தவுடன் அதில் ஒரு பிரதி வைத்திருந்த தரவுப் பகுதிகளெல்லாம் நின்றுவிடும். ஹெச்ஏ என்று எதற்குப் பெயர்? இரண்டு பிரதி, குறைந்தபட்சம் ஒன்று என்றால் ஓடும். ஆனால் ஒரு சர்வரைப் பராமரிப்புக்கு நிறுத்தியிருக்கும் நேரத்தில் புதிதாக எழுதப்படும் ஊதியக் கணக்கு ஒரே ஒரு டிஸ்கில் மட்டும் இருக்கும். அந்த டிஸ்க் அந்த நேரத்தில் போனால், நிறுத்திவைத்த சர்வர் திரும்பி வந்தாலும் அதனிடம் இருப்பது பழைய கணக்கு. மூன்று, இரண்டு என்று வழிகாட்டித் திரை தானாகப் போட்டுத் தந்த எண்களைத் தொடாதீர்கள். அந்த ஓரிடத்தில் அது உங்களைவிட எச்சரிக்கையாக இருக்கிறது.

ஒரு சர்வர் முழுவதுமாகப் போனால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விஎம்கள் மற்ற இரண்டில் எழுந்து ஓடும், எழுத்து நிற்காது, ஆனால் மூன்றாவது பிரதி வைக்க இடமில்லாததால், அந்தச் சர்வர் திரும்பி வரும்வரை மஞ்சள் நிறம் மாறாது. நான்காவது சர்வர் இருந்தால்தான் க்ளஸ்டர் தன்னைத் தானே முழுமையாகச் சரிசெய்துகொள்ளும். இடத்தைக் கூட்ட எண்ணினால் பணத்தை அங்கே செலவிடுங்கள்.

கடைசியாக டிஸ்க் வகை. 1.92 என்ற எண்ணைப் பார்த்தால் சர்வர்களுக்கான டிஸ்காகவே தோன்றுகிறது. ஆயினும் மின்தடைப் பாதுகாப்பு உள்ளதா என்று மாடல் எண்ணை வைத்துச் சரிபாருங்கள். செஃப் ஒவ்வோர் எழுத்தையும் நிலையான இடத்தில் பதிந்த பிறகே முடிந்தது என்று சொல்லும். மின்தேக்கி உள்ள டிஸ்க் தன் உள் நினைவகத்தில் வாங்கியதுமே துணிந்து பதில் சொல்லிவிடும்; அது இல்லாத வீட்டு டிஸ்க் ஒவ்வொரு முறையும் கீழே இறங்கி எழுதிவிட்டுத்தான் வரும். வேகத்தில் அந்த வித்தியாசம் பல மடங்கு.

எட்டாம்வாய்க்கால்:

மாடிப்படியின் கணக்கை ஏற்கிறேன். இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது இரண்டு சர்வர்கள் மட்டுமே இருந்தால், செஃப் பக்கமே போக வேண்டாம். இரண்டிலும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையை அமைத்து, ஒன்றின் தரவை மற்றதற்கு நகலெடுக்கும் ரெப்ளிகேஷன் வேலை ஒன்றைப் பிராக்ஸ்மாக்ஸ் திரையிலேயே சேர்த்து, மூன்றாவது வாக்குக்கு ஒரு சிறிய கணினியில் க்யூடிவைஸ் எனும் வாக்குச் சேவையை வையுங்கள். ரெப்ளிகேஷன் இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். ஒரு நிமிடம் வரை குறைக்கலாம். சர்வர் விழுந்தால் கடைசி ஓட்டத்துக்குப் பின் எழுதியது போய்விடும் என்பதை மேலாளரிடம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

திரிநூல்:

முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாததால் அன்று வைத்துக்கொண்டேன்.

எட்டுப் போர்ட் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, மூன்று சர்வர்களுக்கும் சிவப்பு நிறக் கேபிள் இழுத்தேன். ரேக்கின் மற்ற கேபிள்கள் நீலம் என்பதால் எது எதுவென்று இனி யாருக்கும் ஐயம் வராது. எல்ஆர்எம்மையும் சிஆர்எம்மையும் சொன்ன வரிசையில் நிறுத்திவிட்டுக் கோப்பைத் திருத்தினேன். முதல் முயற்சியில் பதிப்பு எண்ணைக் கூட்ட மறந்து, ஏன் எதுவும் மாறவில்லை என்று கால் மணி நேரம் விழித்தேன். பிறகு வடம்பிடியின் பதிலை மறுபடி படித்ததும் புரிந்தது. இப்போது மூன்று சர்வர்களிலும் இரண்டு லிங்குகளும் இணைந்துள்ளன.

காப்புப்படி வேலையை ஓடவிட்டு, அதே இரண்டாம் சர்வரில் அதே டிஸ்கை மறுபடியும் இழுத்தேன். பத்து நிமிடம் காத்திருந்து, மீட்பு தொடங்கியதும் மூன்று சர்வர்களின் பதிவேட்டையும் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு ரீட்ரான்ஸ்மிட் வரிகூட வரவில்லை. ஒரு விஎம்மில் கிடங்கு மென்பொருளைத் திறந்து பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். சற்று மந்தமாக இருந்தது, நிற்கவில்லை. பிறகு துணிந்து முதல் சர்வரின் 10 கிகாபிட் கேபிள்கள் இரண்டையும் உருவினேன். அதில் செஃப் தொடர்பு போனதால் அந்தச் சர்வரிலிருந்த இரண்டு விஎம்களும் உறைந்து நின்றன. ஆனால் கோரோசிங்க் சிவப்புக் கேபிளில் உயிரோடு இருந்ததால் ஹெச்ஏ அவற்றை வேறிடத்துக்கு நகர்த்தவில்லை. இது எதிர்பார்க்க வேண்டியதுதானா?

வடம்பிடி:

ஆம். ஹெச்ஏ பார்ப்பது சர்வர் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டுமே; சேமிப்பகம் எட்டுகிறதா என்பதை அது கேட்பதில்லை. அந்த நிலையில் நீங்களே அந்தச் சர்வரை அணைத்துவிட வேண்டும். ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் விஎம்கள் மற்ற சர்வர்களில் எழுந்துவிடும். இரண்டு 10 கிகாபிட் கேபிள்களும் ஒரே நேரத்தில் போவது அரிது. அவை இரண்டும் ஒரே ஸ்விட்சில் போய் முடிந்தால் அவ்வளவு அரிதன்று.

அது இருக்கட்டும், அந்தப் புதிய எட்டுப் போர்ட் ஸ்விட்சுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

திரிநூல்:

ரேக்குக்குப் பின்னாலுள்ள சுவர் சாக்கெட்டிலிருந்து. யுபிஎஸ்ஸில் இடமில்லை என்று அங்கே செருகினேன். நாளைக் காலை ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி வாங்கி யுபிஎஸ்ஸுக்கு மாற்றிவிடுகிறேன்.